சிவப்புக் கோடு விழுந்த பெயர்

லிடியா கைக்குழந்தையோடு மடத்துக்கு வந்தபோது காலை ஜெபம் முடிந்திருந்தது. மதர் அகஸ்டா சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். லிடியா வளர்ந்தது இந்த மடத்தில்தான். அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் மதர்தான்.

"மதர், இவளை இங்க விட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. நீங்களே வளர்த்துடுங்க."

மதர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. டூட்டிக்குப் போயிருக்கார்."

"பிள்ளை பால் குடிக்கிறாளா?"

"நல்லாக் குடிக்கிறா."

"பின்னே என்ன வந்தது உனக்கு?"

லிடியா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். குழந்தையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மதர், பிள்ளையை விட்டுட்டுப் போற குணம் இரத்தத்துல வருமா?"

"யார் விட்டா?"

"எல்லாருமே. எங்கம்மா என்னை இந்த வாசல்ல விட்டாங்க. அவங்களை அவங்க அம்மா விட்டாங்க. அந்தம்மாவை யானினா ஒரு ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போனாங்களாம்."

"யானினா யாரு?"

"என் கொள்ளுப்பாட்டி. போலந்துக்காரங்க. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல அகதிகளைக் கப்பல்ல பம்பாய்க்குக் கொண்டுவந்தாங்களே, அதுல வந்தவங்க."

"அவளை யார் விட்டா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஊர் ஊரா எழுதிப் போட்டுத் தேடினேன். கர்ப்பமா இருந்தப்பவே ஆரம்பிச்சேன். நேத்துதான் கப்பல் பட்டியலோட நகல் வந்தது." ஒரு கையால் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "அவங்க அம்மாதான், மதர். வாண்டா. மகளைக் கப்பல் ஏத்திவிட்டுட்டு அவங்க வரவே இல்ல. பேரை அடிச்சிருக்கு, பாருங்க."

மதர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். யானினா, வயது பதினான்கு. அதற்கு மேல் வாண்டா, வயது முப்பத்தாறு. வாண்டாவின் பெயர் மேல் சிவப்புக் கோடு.

"யானினாவுக்குக் கீழேயும் ஒரு கோடு இருக்கே. அது யார்?"

"அது நம்ம ஆள் இல்ல மதர். எங்க வீட்டுல அந்தப் பேரை யாரும் சொன்னதே இல்ல."

"பரீட்சையிலயும் நீ இப்படித்தான். பாதிக் கேள்வியைப் படிச்சிட்டுப் பதில் எழுத ஆரம்பிச்சிடுவ. படி."

லிடியா குனிந்து படித்தாள். "தாதேயுஷ். வயசு மூணு. தாய், வாண்டா."

"ஓரத்துல பொடியா என்னமோ எழுதியிருக்கு. என் கண்ணுக்குத் தெரியல."

"டாக்டர் கையெழுத்து போல. காய்ச்சல்... கப்பலில் ஏற்ற அனுமதி இல்லை."

அவள் விரல் மேலே வாண்டாவின் பெயருக்குப் போனது. மதர் மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

"பையனுக்காக இறங்கிட்டாங்களா, மதர்?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப யானினாவை விட்டுட்டாங்கதானே?"

"விட்டுட்டாங்க."

"அந்தப் பையன் பொழைச்சானா?"

"இந்தத் தாள்ல அது இல்ல."

குழந்தை சிணுங்கியது. லிடியா அதன் முதுகைத் தட்டினாள்.

"நான் உங்ககிட்ட முழுசாச் சொல்லல, மதர்."

"சொல்லு."

"போன வாரம் பஸ் ஸ்டாண்டுல இவளை ஒரு பூக்காரம்மா கையில கொடுத்துட்டு மருந்துக் கடைக்குப் போனேன். திருச்சி பஸ் புறப்படுற நேரம். எப்படின்னே தெரியல, அதுல ஏறிட்டேன்."

"ஏறி?"

"ஜன்னலோரம் உட்கார்ந்துட்டேன். மனசு அவ்வளவு லேசா இருந்தது, மதர். அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. கண்டக்டர் விசில் அடிச்சார். பஸ் நகர்ந்துடுச்சு."

"அப்புறம்?"

"கத்தினேன். நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். 'வீட்டுல சொல்லிட்டு வந்தியாம்மா?'ன்னு கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரிச்சது."

மதரும் சிரித்துவிட்டார். பிறகு தாளை மடித்து அவள் பைக்குள் வைத்தார்.

"அந்தக் கண்டக்டர் கையில இந்த மாதிரி ஒரு பட்டியல் இருந்திருந்தா, உன் பேரை என்ன பண்ணியிருப்பார்?"

லிடியா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சிவப்புல அடிச்சிருப்பார். நானும் பிள்ளைக்காக இறங்கினவதானே."

மதர் தலையசைத்தார்.

"ஆனா நாளைக்கும் திருச்சி பஸ் வருமே, மதர்."

"வரட்டும்." மதர் இரண்டு கைகளையும் நீட்டினார். "காலையில நீ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. உள்ள இட்லி இருக்கு. பிள்ளையை இப்படிக் கொடுத்துட்டுப் போய்ச் சாப்பிடு. கை கழுவினதும் வந்து வாங்கிக்க."