ஒன்பதாம் அறையின் ஜன்னல்

டாக்டர் தாவீதின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நாற்பத்தேழு குழந்தைகள் இருந்தார்கள். எல்லாம் அவர் பிழைக்கவைத்த குழந்தைகள். பெற்றோர் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போன போட்டோக்கள். ஒரு சிறுமி மாறுவேடப் போட்டிக்கு டாக்டர் வேஷம் கட்டியிருந்தாள். யாரைப் பார்த்துக் கட்டினாள் என்று கேட்க வேண்டியதில்லை.

அவருக்கு அதில் பெருமை உண்டு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அன்று காலை அரசு மருத்துவமனையில் இருந்த அவருடைய அறைக்கு மங்கையர்க்கரசி மேடம் வந்தார். மாநில சுகாதாரத் துறையின் இயக்குநர். மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறவர். பல வருடங்களுக்கு முன் தாவீது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது, தடுப்பூசிப் பெட்டியில் ஐஸை எப்படி அடுக்குவது என்பதிலிருந்து எல்லாம் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்.

"மாவட்ட சுகாதார அலுவலர் பதவிக்கு என் பேரை எழுதியிருக்கீங்களாமே மேடம்."

"ஆமா. நீதான் சரியான ஆள்."

"எனக்கு வேண்டாம் மேடம்."

சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பதவியை ஏற்க விருப்பமில்லை என்று நான்கே வரி. மேடம் நின்றபடியே படித்தார்.

"காரணம் எழுதலையே?"

"இங்கே ஒரு குழந்தை நீலம் பாரிச்சு வருது. நான் கை வெச்சா ஒரு மணி நேரத்துல வீல்னு அழுது. அந்த அழுகை போதும் எனக்கு. அங்கே போனா ஃபைலு, மீட்டிங்கு, ஜீப்பு. தப்பா நினைக்காதீங்க மேடம். முப்பத்தாறு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. உங்க மேசையில ஒரு போட்டோகூட நான் பார்த்ததில்லை. உங்களுக்கு என்ன கிடைச்சது?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் அன்னபாக்கியம், அடுக்கியதையே மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

மேடம் கோபப்படவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"காலை பதினோரு மணிக்கு எதுக்கு டியூப் லைட்?"

"அந்த ஜன்னலைப் பாருங்க மேடம். எந்தப் புண்ணியவானோ கண்ணாடி பூரா கறுப்புப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கான். மாத்தித் தாங்கன்னு பொதுப்பணித் துறைக்கு மூணு லெட்டர் போட்டாச்சு. அசையமாட்டேங்கறாங்க."

"புண்ணியவான் இல்லை. நான்தான் அடிச்சேன்."

மேடம் அன்னபாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், ஒரு சர்ஜிகல் பிளேடு குடுங்க."

மேடம் ஜன்னல் கட்டையில் தாவீதின் கடிதத்தை விரித்து வைத்தார். பிளேடை வாங்கிக் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தார். கறுப்புத் துகள்கள் கடிதத்தின்மேல் உதிர்ந்தன.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இது குழந்தைங்க வார்டு. ஒன்பதாம் நம்பர் அறை. அஞ்சு தொட்டில் இருந்தது. வெளிச்சம் பட்டா குழந்தை வில்லா வளையும். கதவு சத்தம் கேட்டாலும் வளையும். அதான் பெயிண்ட் அடிச்சேன். கதவு இடுக்குல பஞ்சு வெச்சோம். நர்ஸுங்க செருப்பில்லாம நடப்பாங்க."

"ரணஜன்னியா மேடம்? டெட்டனஸ்?"

"ஆமா. அரிவாளால தொப்புள்கொடியை அறுத்து, சாம்பலை வெச்சுக் கட்டுவாங்க. ஏழாம் நாள் குழந்தை பால் குடிக்காது. எட்டாம் நாள் இங்கே தூக்கிட்டு வருவாங்க. அஞ்சுல ஒண்ணு பிழைக்கும். அந்த ஒண்ணோட அப்பா வாழைத்தாரோட வந்து கும்பிடுவாரு. எனக்கும் பெருமையாத்தான் இருக்கும். ஊர் பூரா என் பேருதான்."

சுரண்டுவது நின்றது.

"பேச்சியம்மான்னு ஒருத்தி. முதல் குழந்தை இங்கே போச்சு. அப்புறம் ரெண்டாவது. மூணாவதும் இதே ஜன்னலுக்குக் கீழேதான். அன்னைக்கு அவ அழலை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டா. 'ஏந்தாயி, எல்லாம் முடிஞ்ச பொறவு கொண்டாந்தா நீங்கதான் என்ன செய்வீக? இங்கனயே உக்காந்திருக்கீகளே, அங்கன வரப்படாதா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? கிராமத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் குடுத்தேன்."

பிளேடு மறுபடி ஓடியது.

"கர்ப்பிணிக்குத் தடுப்பூசி. மருத்துவச்சி கையில பிரசவத்துக்கு ஒரு புது பிளேடு. அவ்வளவுதான் வேலை. ஊர் ஊராப் போனோம். கதவைச் சாத்தினாங்க. கெஞ்சினேன், சண்டை போட்டேன். அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநிலம். நீ சொன்ன அதே ஃபைலு, அதே ஜீப்பு. நான் ஒருத்தி செஞ்சதில்லை. கிராமத்து நர்ஸுங்க நடந்த நடையைக் கணக்குப் பண்ணவே முடியாது."

"பேச்சியம்மா என்ன ஆனாங்க?"

"நாலாவது பெத்தா. மூணு வருஷம் கழிச்சு வேற யாரோ சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பலையா?" தாவீதின் குரலில் அவருக்காக வருத்தம் இருந்தது.

"எதுக்குச் சொல்லியனுப்பணும்? எட்டாம் நாள் அந்தக் குழந்தை பால் குடிச்சுட்டுத் தூங்கியிருக்கும். அதுக்குப் போயி யாராவது டாக்டருக்கு வாழைத்தார் கொண்டாருவாங்களா?"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் ஒரு சட்டம் அளவு கண்ணாடி தெளிந்துவிட்டது. வெயில் உள்ளே வந்து மேசைமேல் விழுந்தது. அன்னபாக்கியம் போய் டியூப் லைட்டை அணைத்தார்.

"குழந்தை டாக்டரா எத்தனை வருஷம் ஆச்சு உனக்கு?"

"பதிமூணு மேடம்."

"ரணஜன்னி வந்த பச்சைக்குழந்தை எத்தனை பார்த்திருப்பே?"

தாவீது யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"பரீட்சைக்குப் படிச்சிருக்கேன் மேடம். பார்த்ததில்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

மேடம் பிளேடை மேசையில் வைத்தார். முதுகை நிமிர்த்தி நின்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையை அவர் ஒளிக்க நினைக்கவில்லை.

"எனக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டியே தாவீது. அதுதான்."

தாவீது ஜன்னலருகே போனார். ஜன்னல் கட்டையிலிருந்த கடிதத்தை, அதில் சேர்ந்திருந்த கறுப்புத் துகளோடு நான்காக மடித்தார். பிறகு குப்பைக்கூடை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.