சிங்கணராயரின் எட்டுக்கட்டு மாளிகை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்குன்றை நாட்டை விசயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று நினைப்பார், மாலையில் வேறொன்று நினைப்பார், இரண்டும் அன்றைக்கே நடந்தாக வேண்டும் என்பார். ஒருமுறை பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தவர், பல்லக்கிலிருந்து இறங்கும்போதே, "அங்கே தெருவெல்லாம் மச்சு வீடு! நம் தலைநகரமும் அப்படி மினுங்க வேண்டும்!" என்று குதித்தார்.

ஊரில் எங்கே, எப்படி வீடு கட்டலாம் என்று விதி போட மனைச்சபை என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் சிங்கணராயர். அமைச்சர் அம்பலத்தாரை அரசர் மெச்சும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். அரசரிடம் நல்ல பேர் வாங்க இதுதான் சமயம் என்று ஒரே நாளில் புது விதி எழுதினார். நகரத்துக்குள் எந்த வீடும் இருபது முழ அகலத்துக்குக் குறையக் கூடாது. ஓடு, முற்றம், கிணறு மூன்றும் வேண்டும். இல்லாத வீட்டை அமாவாசைக்குள் இடித்துவிட்டு ஆற்றுக்கு அக்கரை போய்விட வேண்டும்.

தண்ணீர்த்துறைத் தெருவில் நாற்பது கூரை வீடுகள் இருந்தன. அரண்மனைக்குத் தண்ணீர் சுமப்பவர்கள், பூக் கட்டுபவர்கள், பல்லக்குத் தூக்குபவர்கள் எல்லாரும் அங்கேதான் குடியிருந்தார்கள். எந்த வீடும் எட்டு முழத்தைத் தாண்டாது. அரண்மனை மடப்பள்ளியில் மாவரைக்கும் காத்தாயி அம்பலத்தாரிடம் ஓடி வந்தாள்.

"சாமி, அக்கரையில இருந்து முதல் ஓடமே விடிஞ்சப்புறம்தான் வரும். நான் கோழி கூவயில உரலுக்கு முன்னாடி உட்கார்ந்தாகணும். வீடும் போயி வேலையும் போனா, மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"சபையில் மறுப்புச் சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"உச்சிப் பொழுதுல தமுக்கு அடிச்சாங்களாம். நான் அரைச்சுக்கிட்டு இருந்தேன். எங்க தெருவுல ஒருத்தரும் அந்நேரம் வேலைய விட்டு நகர முடியாது சாமி."

அந்தச் சபையின் வழக்கம் அப்படி. புது விதியை உச்சிப் பொழுதில் சபை வாசலில் மூன்று தரம் தமுக்கடித்து வாசிப்பார்கள். பிறகு அடியில் சிறு துளையிட்ட வட்டில் ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அது நிறைந்து மூழ்குவதற்குள் யார் வேண்டுமானாலும் மறுப்புச் சொல்லலாம். யாரும் வராவிட்டால் ஓலைக்காரர் 'மறுப்பில்லை' என்று எழுதுவார். தலைவர் முத்திரை வைத்தால் விதி நிலைத்துவிடும்.

அம்பலத்தார் அரசவையில் முறையிட்டார். சிங்கணராயர் மீசையைத் தடவினார்.

"அரசே, வட்டில் மூழ்கும்வரை வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. யாருமே போடாத கூச்சல் அமைச்சர் காதில் மட்டும் விழுகிறது. வைத்தியரிடம் காட்டலாம்!"

அவை சிரித்தது. அரசரும் சிரித்தார். "அம்பலத்தாரே, முறைப்படி வந்த விதியை முறைப்படிதான் மாற்ற வேண்டும். அமாவாசைக்குள் செய்து காட்டும். இல்லையென்றால் உம் அமைச்சர் மோதிரத்தைக் கழற்றி ராயர் கையில் கொடுத்துவிடும்."

"ஆகட்டும் அரசே. முறையிலிருந்து இம்மியும் விலக மாட்டேன்" என்றார் அம்பலத்தார்.

மறுநாள் உச்சியில் தமுக்கு முழங்கியது. அம்பலத்தார் எழுதிக் கொடுத்த புது விதியை ஓலைக்காரர் வாசித்தார்: "இடிக்க உத்தரவான வீட்டில் இருப்பவர்கள், அரண்மனை நீங்கலாக, நான்கு கட்டுக்கு மேற்பட்ட மாளிகையில் ஆளில்லாத கட்டுகளில் குடியேறலாம்!" ஊரிலேயே அப்படிப்பட்ட மாளிகை ஒன்றுதான். எட்டுக்கட்டு. அதில் வசிப்பது சிங்கணராயரும் அவர் மனைவியும்.

அப்போது ராயர் எங்கே இருந்தார்? சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேர் விசிற, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மறுப்புக் கேட்கும் விசாரணைக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. வாசலில் ஒரு மாடு நின்று அசைபோட்டது, வட்டில் மூழ்கியது. சாயங்காலம் ஓலைக்காரர் நீட்டிய ஓலையில், 'மறுப்பில்லை' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, கொட்டாவியோடு முத்திரை வைத்தார் ராயர். இந்த அம்பலத்தாரின் மூளையை என்னவென்று சொல்வது!

அடுத்த நாள் காலையில் நாற்பது குடும்பங்கள் அம்மி, உலக்கை, பாய், கோழிக்கூடு சகிதம் மாளிகை வாசலில் வந்து நின்றன. பாதி கட்டிய தலைப்பாகையோடு ராயர் அரசவைக்கு ஓடினார். பின்னாலேயே தெருவும் வந்தது.

"அநியாயம் அரசே! என்னைக் கேட்காமல் என் வீட்டுக்கு விதி போட்டிருக்கிறார்கள்!"

"தமுக்கு மூன்று தரம் அடித்தது, வட்டில் மூழ்கியது, ராயர் மறுக்கவில்லை" என்று அம்பலத்தார் ஓலையை நீட்டினார். "முத்திரையும் அவருடையதுதான்."

"அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்! ஊருக்கே தெரியும்!"

முழங்கை வரை மாவோடு நின்ற காத்தாயி மெதுவாகச் சொன்னாள்: "அந்த நேரத்துல நாங்க வேல செஞ்சுக்கிட்டு இருந்தோம் சாமி. அதுவும் ஊருக்கே தெரியும்."

அவையில் யாரும் சிரிக்கவில்லை. அன்று காலை அந்தக் கை அரைத்த மாவில் சுட்ட அப்பத்தைத்தான் அரசர் தின்றிருந்தார். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"இரண்டு விதியும் மறுபடி விசாரணைக்குப் போகட்டும். அதுவரை ஒரு கூரையிலும் கை வைக்கக் கூடாது. இனி எந்தத் தெருவைப் பற்றி விதியோ, அந்தத் தெருவிலேயே, வேலை முடிந்த சாயங்காலத்தில் விசாரணை. அம்பலத்தாரே, மோதிரம் உமக்கே. அந்த விரலுக்குத்தான் அது பொருத்தம். ராயரே, இனி வட்டிலைத் தூக்கிப் போய் மிதக்க விடுவது உம் வேலை!"

முதல் விசாரணை தண்ணீர்த்துறைத் தெருவில் நடந்தது. அரசரும் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். சின்ன வீடுகள் அப்படியே இருக்கட்டும், தெரு நடுவில் பொதுக்கிணறு வேண்டும், பெரிய மாளிகை கட்டுகிறவர் பக்கத்திலேயே நான்கு சின்ன வீடும் கட்டித்தர வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அரசர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வட்டில் ஒன்பது தரம் மூழ்கியது. பேச்சு முடியவில்லை.

பத்தாவது தரம், நனைந்த அங்கவஸ்திரத்தோடு வட்டிலை மிதக்கவிட்ட சிங்கணராயர் நிமிர்ந்து, "இன்னும் யாராவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டார். மனைச்சபை ஏற்பட்ட நாளிலிருந்து அதன் தலைவர் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.