அரசி வைத்த நூறு கிழங்கு

முன்னொரு காலத்தில், உருளைக்கிழங்கு மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில், ஒரு மன்னர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். மாசியில் அரசி இறந்துபோயிருந்தார்.

கிழங்கு பொறுக்குவதை அரசி எவரிடமும் விட்டதில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பச்சை படர்ந்ததை ஒதுக்குவார். மாவுக் கிழங்கு மசியலுக்கு, கெட்டிக் கிழங்கு வறுவலுக்கு என்று பிரித்து, இருட்டறையில் வைக்கோல்மேல் பரப்புவார். கடைசியாகப் பரப்பியவை நூறு.

பதினாறாம் நாள் முடிந்ததும் மன்னர் அவைக்கு வந்தார்.

"அரசி வைத்த கிழங்கை யாரும் சமைக்கக் கூடாது. வெளிச்சம் படக் கூடாது. ஆவணியில் அவள் பிறந்தநாளன்று வந்து எண்ணுவேன். நூறும் இருக்க வேண்டும்."

ஆறு மாதம் எந்தக் கிழங்கு தாங்கும்? பண்டகசாலைத் தலைவர் வச்சிரபாகு எழுந்தார்.

"பிரபு, இதற்கு விகடகவி தத்தனே தகுந்தவர். அரசியின் சமையலை அதிகம் உண்டவர் அவர்தானே?"

"நன்று. ஒன்று குறைந்தாலும் தத்தன் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் மன்னர்.

சித்திரையில் தத்தன் வைக்கோலைப் புரட்டினான். எல்லாம் விரல் நீளம் முளைவிட்டிருந்தன. வைக்கோலுக்கு அடியில் ஒரு மூட்டை வெங்காயம். கிழங்கோடு வெங்காயத்தை வைத்தால் கிழங்கு முளைவிட்டு இரண்டும் கெடும் என்று அரசி சொல்லிக் கேட்டிருக்கிறான். அந்த அறையின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

பிறகு கூடையை எடுத்தான்.

ஆவணி வந்தது. வச்சிரபாகு மன்னருக்காக இருட்டறைக் கதவைத் திறந்தார். உள்ளே வெறும் வைக்கோல்.

"தின்று தீர்த்துவிட்டான் பிரபு! நூறையும்!"

"தத்தா, எங்கே?" மன்னர் வைக்கோலைக் கிளறினார்.

"இன்னும் இருட்டில்தான் இருக்கின்றன, அரசே. வாருங்கள்."

அரசியின் தோட்டத்தில் இரண்டு பாத்திகளில் செடிகள் வாடி மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன. தத்தன் மண்வெட்டியை இறக்கினான். கிழங்குகள் கொத்துக் கொத்தாக வந்தன. நூறைத் தாண்டின. முந்நூறையும் தாண்டின.

"மண்ணுக்குள் வெளிச்சம் படவில்லை. யாரும் சமைக்கவில்லை. நூறு இருக்க வேண்டும் என்றீர்கள், இருக்கிறது."

"இது ஏமாற்று!" என்றார் வச்சிரபாகு. "நூறுக்கு மேல் இருக்கிறதே!"

"கூடக் கூடாது என்று ஆணை இல்லையே, ஐயா."

மன்னர் சிரிக்கவில்லை. ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்தார்.

"இவை அவள் தொட்டவை அல்லவே."

இந்தச் சொல்லுக்குத்தான் தத்தன் நான்கு மாதமாகப் பயந்திருந்தான்.

"அல்ல, அரசே. அவர் தொட்டவை மண்ணோடு கரைந்துவிட்டன. அவற்றை நீங்களும் நானும் வைத்திருக்க முடியாது. அவர் பிரித்தபடியே நட்டேன். இந்தப் பாத்தி மாவுக் கிழங்கு. அது கெட்டி."

மன்னர் கட்டைவிரலால் கிழங்கை அழுத்தினார்.

"இது மசியலுக்கு" என்றார். "ஆனால் சமைக்கக் கூடாதென்று நானே சொல்லிவிட்டேனே."

"நூறைத்தான் சொன்னீர்கள். அது விதைக்கு இருக்கட்டும். மிச்சத்துக்கு ஆணை இல்லை. உரிக்க ஆளும் இருக்கிறார். வெங்காய மூட்டை வைத்து முளைக்கச் செய்த வச்சிரபாகுவுக்கும் இந்த விளைச்சலில் பங்கு வேண்டாமா?"

வச்சிரபாகு வெங்காயம் உரித்தவர்போல் கண் கலங்கி நின்றார்.

மன்னருக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு மண் ஒட்டிய கையால் வாயை மூடிக்கொண்டு, ஆறு மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

இருட்டறையின் இரண்டு சாவிகளும் அன்றே தத்தன் இடுப்புக்கு வந்தன. மதியம் மன்னர் தம் பக்கத்தில் அவனுக்கும் இலை போடச் சொன்னார். மசியல் வந்தது. அரசி செய்வதைவிட உப்பு சற்றுக் குறைவு. இருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.