குரலுக்கு நடுவே ஓர் இரைச்சல்

“அம்மா, தியானமெல்லாம் அப்புறம். முதல்ல இந்த இரைச்சலைப் போக்க ஒரு வழி சொல்லுங்க” என்றபடியே உள்ளே வந்தார் வேலாயுதம்.

மீனலோசனி அம்மாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. இருந்தாலும் அந்த ஆசிரமத்தில் அவர்தான் குரு, வேலாயுதம் சீடர். சீடர் என்று பேர்தானே தவிர, மனுஷர் கண்ணை மூடி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காதில் எப்போதும் ஹெட்போன். போனில் எப்போதும் இன்டர்நெட் ரேடியோ.

“என்ன இரைச்சல்?”

“எங்க அண்ணன் கோயம்புத்தூர்ல வீட்டுல இருந்தே ஒரு ரேடியோ நடத்துறார். தினமும் காலையில நேயர் விருப்பம். நடுவுல புஸ்ஸு புஸ்ஸுன்னு என்னமோ வருது. ஆப்ல ஈக்வலைசர் இருக்கு, அதுல மேல் ஸ்தாயியை எல்லாம் அடியோட இறக்கி வச்சேன். கொஞ்ச நாள் அடங்கிச்சு. இப்ப மறுபடியும் தலைகாட்டுது.”

“அண்ணனையே கேக்கலாமே?”

வேலாயுதத்தின் முகம் சுருங்கியது. “பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா காரியத்தன்னிக்கு அவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இனி அவர் குரலைக் கேக்க இந்த ரேடியோ ஒண்ணுதான் மிச்சம். அதையாவது சுத்தமாக் கேக்க வேண்டாமா?”

அடேயப்பா, என்ன பாசம்! ஒரு போன் போட மனசு வரவில்லை, ஈக்வலைசரை ஏற்றி இறக்க மட்டும் நாள் முழுக்கப் பொறுமை.

குரு போனை வாங்கினார். ஹெட்போனைக் கழற்றினார். வேலாயுதம் பாடுபட்டுச் செய்துவைத்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் ஒரே தட்டில் சமமாக்கிவிட்டார்.

“ஐயையோ! எல்லாம் பாழ்!”

“பேசாம கேளுங்க.”

ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப இருக்கா அந்த இரைச்சல்?”

“பாட்டுல வராதும்மா. அண்ணன் வாயைத் திறந்தாத்தான் வரும். மட்டமான மைக்கு!”

பாட்டு முடிந்து அண்ணன் வந்தார். நேயர்கள் கூப்பிட வேண்டிய போன் நம்பரைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து இடத்தில் நின்றார்.

“பேசும்போது வருதா, நிறுத்தும்போது வருதா?” என்றார் குரு.

“நிறுத்தும்போது. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும்...”

வேலாயுதம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மைக்கு இல்லம்மா” என்றார். “அவருக்கு மூச்சு வாங்குது. அதைப் போய் நான் இறக்கி இறக்கி வச்சிருக்கேனே, பாவி!”

குரு தன் போனை எடுத்தார். ரேடியோவில் சொன்ன நம்பரை அழுத்தி அவர் கையில் கொடுத்தார்.

மணி போனது.

“வணக்கம் நேயரே! எந்த ஊர்ல இருந்து பேசறீங்க?”

அண்ணனின் அதே குரல் பக்கத்தில் ரேடியோவிலும் ஒலித்தது.

“உங்க ரேடியோ சத்தம்... இங்க கேக்குது. அதைக் கொஞ்சம்... குறைச்சிட்டுப் பேசுங்க.”

வேலாயுதம் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.

“நிறுத்திட்டேன், அண்ணே.”