பத்து மீட்டர் கல்யாணம்

பொட்டப்பட்டியில் புத்தி அதிகம் என்று யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. அந்த ஊரில் இருபது வருஷமாகச் சேவுகனின் பழைய அம்பாசடர் கார் வராமல் எந்த மாப்பிள்ளையும் தாலி கட்டியதில்லை. சேவுகனுக்குச் சொத்து, பட்டம், கௌரவம் எல்லாம் அதுதான்.

இந்த ஆவணியில் அதற்கு ஆபத்து வந்தது. கல்யாண மாப்பிள்ளை முத்திருளன், காரிலுள்ள கேசட் பெட்டியில் தன் போன் பாட்டுத்தான் பாட வேண்டும் என்றான். கோயிலில் கிளம்பியதிலிருந்து மணவறையை மூன்று சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை பாட்டு நிற்கக் கூடாதாம். நின்றால் டவுனிலிருந்து புதுக் கார் வந்துவிடுமாம். அன்றைக்குச் சேவுகனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மச்சினன் ஆண்டியப்பனைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். அங்கே ரேடியோக் கடைக்காரர் கேசட் மாதிரியே ஒன்றைக் கொடுத்து, இதைப் பெட்டிக்குள் தள்ளினால் போதும், வயரே கிடையாது, போன் பத்து மீட்டர் தூரம்வரை இருக்கலாம் என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டு விஷயத்துக்கு மேல் தலையில் தங்காது என்று சேவுகன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

ஊருக்கு வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் கொத்துக் கொத்தாக வயர். எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். ஆண்டியப்பன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு முகம் வாடினான்.

“அத்தான், இங்கயும் வயர் இருக்கே.”

“கடைக்காரர் வயரே கிடையாதுன்னாரு. ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் அவர் சொன்னது பொய்யாயிடும்ல?”

கடைக்காரரின் மானத்தைக் காப்பாற்ற, பொழுது சாய்வதற்குள் ஒரு சாக்கு வயரை உருவிப் போட்டார்கள்.

பிறகு புதுக் கேசட்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, முத்திருளனை வரவழைத்துப் போனில் பாட்டைப் போடச் சொன்னார்கள். பாட்டு ஜோராகக் கேட்டது. ஆண்டியப்பன் மட்டும் காதைக் கிட்டே கொண்டுபோய், பாட்டு போனிலிருந்தே வருகிற மாதிரி இருக்கிறதே என்று இழுத்தான்.

“இங்கேருந்து கிளம்பிப் பெட்டிக்குப் போயிட்டுத் திரும்பி வருதுடா. வயர்ல கட்டியா போட்டிருக்கு?” என்றான் சேவுகன். முத்திருளனுக்கு மெய் சிலிர்த்தது.

அடுத்தது பத்து மீட்டர் விவகாரம். கொடுத்ததை வீணாக்குவது பொட்டப்பட்டியில் பாவம். இலையில் வைத்த உப்பைக்கூட வழித்துச் சாப்பிடுகிற ஊர். பத்து மீட்டரை முழுசாகக் கொடுத்திருக்கும்போது, மாப்பிள்ளை போனோடு காருக்குள் உட்கார்ந்தால் ஒன்பதரை மீட்டர் வீண்தானே? போனை வேறு ஆளிடம் தரவும் முத்திருளனுக்கு மனசில்லை. ஆகவே அவன் பின்னால் நடந்து வருவதென்று தீர்மானமானது. இடைவெளிக்குக் கயிறு கட்டலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, கயிறும் ஒருவகையில் வயருக்குப் பங்காளிதான் என்று ஊர்ப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள்.

முகூர்த்தத்தன்று காலை கார் கிளம்ப மறுத்தது. பாட்டு ஏறியதால் கனம் கூடிவிட்டது என்று சேவுகன் விளக்கினான். முப்பது பேர் தள்ளினார்கள். மாப்பிள்ளை மாலையும் பாட்டுமாகப் பத்து மீட்டர் பின்னால் வந்தான். நடுவில் ஆண்டியப்பன் தச்சரின் டேப்போடு ஓடி ஓடி அளந்தான்.

பந்தல் வாசலில் கார் நின்றதும் மாப்பிள்ளையும் பத்து மீட்டர் தள்ளியே நின்றுவிட்டான். பெண்வீட்டார் ஆரத்தித் தட்டோடு கெஞ்சிப் பார்த்தார்கள். அவன் ஓரடி எடுத்து வைக்கவில்லை. காரைப் பத்து மீட்டர் தாண்டித் தள்ளியதும்தான் வாசலுக்கு வந்து சேர்ந்தான். அவன் மணவறைக்குப் போக, காரைப் பந்தலின் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாலி ஏறியது. பாட்டு நிற்கவில்லை. சேவுகனுக்குப் பாதி உயிர் வந்தது.

மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்ற எழுந்தான். மாப்பிள்ளை சுற்றினால் காரும் கூடவே சுற்ற வேண்டுமே என்று உடனே வெளியே சேவுகன் ஸ்டியரிங்கை வளைத்தான். பந்தலைச் சுற்றிக் கார் நகர்ந்தது. தள்ளுகிறவர்களுக்கு நாக்குத் தள்ளியது. கார் சமையல் கொட்டகை மூலையைத் திரும்பி ஒரு சுற்று முடித்தபோது, பெண்ணின் அப்பா என்ன சத்தம் என்று வெளியே ஓடி வந்தார். சேவுகன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“ஐயா, உள்ள மூணு சுத்தும் முடிஞ்சிருச்சா?”

முடிந்துவிட்டது என்றார் அவர்.

“எங்களுக்கு இன்னும் ரெண்டு பாக்கி. அதுவரைக்கும் அவங்க புருஷன் பொண்டாட்டி ஆகாமப் பாத்துக்கங்க.”