பைக்குள்ளேயே ஜெயித்த கண்ட்ரோலர்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நேற்று வேதியியல் துறையோடு நடந்த பயிற்சி ஆட்டத்தில் நான் தோற்கவில்லை. ஆட்டம் நின்றது. நின்ற ஆட்டத்துக்கும் தோற்ற ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இன்று மத்தியானம் கேண்டீனில் முழுசாக ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். கேட்டவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் நியாயம் என்றால் என்னவென்றே தெரியாது.

ஒருவன் பேச்சிமுத்து, எங்கள் இயற்பியல் துறை கேம் அணியின் கேப்டன். இன்னொருத்தி லூசியா, என் ஹாஸ்டல் அறைத்தோழி. நான் வாயைத் திறக்குமுன்பே ‘பொய்’ என்று சொல்லப் பழகியவள். மூன்றாவது ஜன்னத், முதலாமாண்டு. பேசவே மாட்டாள். வந்ததிலிருந்து மேசை மேல் இருந்த நீலப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பைக்குள்தான் என் கண்ட்ரோலர் இருந்தது.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மதுரையில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி. மூன்றுக்கு மூன்று சண்டை கேம். ஒரு பக்கத்துக்கு மூன்று சண்டைக்காரர்கள், ஆட்டுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கண்ட்ரோலர். ஒருவர் களத்தில் நிற்பார், மற்ற இருவரும் ஓரத்தில் காத்திருப்பார்கள். உதவிப் பட்டனை அமுக்கினால் ஓடிவந்து ஓர் உதை விட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். பேச்சி ஒரு கரடியை ஆட்டுவான். லூசியாவுக்கு ஒரு குண்டு மல்யுத்தக்காரன். எனக்கு நீலச்சடை போட்ட அரிவாள்காரி.

நேற்று கடைசி ரவுண்டில் எதிராளிக்கு நூலளவு உயிர் மிச்சம் இருந்தபோது என் கண்ட்ரோலரிலிருந்து ஆட்டத்தை நிறுத்திவைக்கும் ‘பாஸ்’ விழுந்து ஆட்டம் அப்படியே உறைந்துவிட்டது. நடு ஆட்டத்தில் யார் பாஸ் போட்டாலும் ரவுண்டு எதிரணிக்கு. அது விதி. ஆகவே என்னைக் கழற்றிவிட்டு ஜன்னத்தை மதுரைக்குக் கூட்டிப் போகலாமா என்று பேசத்தான் இந்தக் கூட்டம்.

“உன் பட்டன் அமைப்புதான் பிரச்சினை, வடிவு,” என்று ஆரம்பித்தான் பேச்சி. “ஊரே கம்பெனி வச்ச இடத்துல பட்டன வச்சு ஆடுது. நீ மட்டும் எதுக்கு செட்டிங்ஸ்ல போயி எல்லாத்தையும் இடம் மாத்துத?”

இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

“கம்பெனிக்காரன் என் கையப் பாத்தானால? என் விரல அளந்தானா? நல்ல கண்ட்ரோலர் ரெண்டையும் நீயும் லூசியாவும் எடுத்துக்கிட்டு, வலதுபக்க மேல்பட்டன் செத்துப்போனத என் கையில குடுத்தது யாரு? அதுல ரோஸ்மில்க்க ஊத்துனது யாரு?”

லூசியா மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.

“உதவிப் பட்டன் செத்த இடத்துல இருந்தது. அத எடுத்துக் கீழ வச்சேன். கீழ இருந்த குத்துப் பட்டன இடதுபக்கம் அனுப்பினேன். பாஸ் என் கட்டைவிரல் போற வழியிலேயே கிடந்தது, அதத் தூக்கி ஒரு பத்திரமான இடத்துல வச்சேன்.”

“எங்க?” என்றாள் லூசியா.

“அது தொழில் ரகசியம். இப்படியே அறுபத்துநாலு அமைப்பு போட்டுப் பாத்தேன். எல்லாத்தையும் லேப் ரெக்கார்டுக்குப் பின்னாடி படம் வரைஞ்சு வச்சிருந்தேன். வெளியூர்லேருந்து வந்த எக்ஸாமினர் அதப் பாத்துட்டு, ‘இது எந்தச் சோதனைம்மா?’ன்னு கேட்டாரு. சொன்னேன். எந்திரிச்சு நின்னு மார்க் போட்டாரு.”

“எத்தன மார்க்?”

“இருபத்தஞ்சுக்கு இருபத்தாறு.”

“பொய்,” என்றாள் லூசியா. சொன்னேனே.

கேட்கிறவர்களுக்கு நம்பிக்கை குறைந்தால் சொல்கிறவள் தகவலைக் கூட்ட வேண்டும். அதுதான் பேச்சுப் போட்டிகளில் நான் கற்றது. அறுபத்துநான்காவது அமைப்பு எப்படிப்பட்டது என்று விளக்கினேன். அதில் ஒரு விரல் இன்னொரு விரலுக்குக் காத்திருக்கவே வேண்டாம். கட்டைவிரல் குத்து முடிக்கும் முன்பே ஆள்காட்டிவிரல் அடுத்த உதையை ஆரம்பித்திருக்கும். அந்த வேகத்தில் கண்ட்ரோலர் சூடாகிவிடும். போன வாரம் அதன் மேல் ஆறிப்போன டீயை வைத்தேன், கொதித்துப் பொங்கி வழிந்தது.

“அண்ணாச்சி!” என்று லூசியா கல்லாப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “இவ கண்ட்ரோலர்ல டீ கொதிச்சிச்சாம்!”

“அப்போ அவ இங்க எதுக்கும்மா மூணாவது டீ கேக்குதா?” என்றார் கேண்டீன் அண்ணாச்சி, தலையைத் தூக்காமலே.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

“டீ சின்ன விஷயம். கணினித் துறையோட ஆடினோமே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நான் உதவிப் பட்டன் பக்கம் விரல நகர்த்தினேன், அமுக்கக்கூட இல்ல, லூசியாவோட குண்டன் தானா ஓடிவந்து நின்னான். ‘கூப்பிட்டீங்களா?’ங்கற மாதிரி முகத்தப் பாத்தான்.”

“அது என் ஆளு!” என்றாள் லூசியா.

“உன் ஆளுதான். உன்கிட்ட இருக்கும்போது நாலு தடவ கூப்பிட்டாத்தான் வருவான். என்கிட்ட மரியாதையா வந்தான். அவனோட உன் கரடியும் வந்துட்டு, பேச்சி. அதுக்குப் பெறவு எதிரணிக்காரனுவ மூணு பேரும் இந்தப் பக்கம் என்ன கூட்டம்னு எட்டிப் பாத்தானுவ. அமைப்பு அவங்களுக்கும் புடிச்சுப்போச்சு. ஒவ்வொருத்தனா கோட்டத் தாண்டி நம்ம பக்கம் வந்துட்டான். களத்துல நம்ம பக்கம் ஆறு பேரு, அந்தப் பக்கம் சும்மா வெறும் தரை. கணினித் துறை கேப்டன் அஞ்சு நிமிஷம் தரையையே அடிச்சுக்கிட்டிருந்தான்.”

“ஏட்டி, நானும் அந்த ஆட்டத்துல இருந்தேன்,” என்றாள் லூசியா.

“கண்ணத் திறந்து வச்சிருந்தியா?”

பேச்சி சிரித்துவிட்டான். அது நல்ல அறிகுறி. சிரிக்கிறவன் பாதி சம்மதித்தவன். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மதுரைக்கு இன்னும் நான்கு நாள்தான். ஆறு வாரமாக அந்த மேடையை நினைத்துத்தான் விரலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து என் அரிவாள்காரியை ஆட்டுவதை நான் ஹாஸ்டல் டிவி முன்னால் பார்க்க வேண்டுமா? அதுவும் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காத இந்த ஜன்னத்?

“காத்தப் பத்திச் சொல்லலியே,” என்றேன். “போன மாசம் ஒரு வாரம் இலைகூட அசையல, புழுக்கம் தாங்க முடியல. ஆனா முப்பந்தல்ல கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் சுத்திக்கிட்டிருந்துச்சு. அங்க உள்ளவங்களுக்கு ஒண்ணும் புரியல. எங்கேருந்து காத்து வருதுன்னு மோப்பம் புடிச்சுக்கிட்டே வடக்க வந்து, நம்ம ஹாஸ்டல் மாடி ஜன்னல்ல வந்து நின்னாங்க. நான் பயிற்சி பண்ணிக்கிட்டிருக்கேன். ரெண்டு கட்டைவிரல்லேருந்தும் காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ‘அம்மா, கொஞ்சம் மெதுவா ஆடுங்க, இறக்க கழண்டுரும்’னு கையெடுத்துக் கும்பிட்டாங்க.”

“மாடி ஜன்னல்ல எப்படி நின்னாங்க?” என்றான் பேச்சி.

“காத்துதான் தூக்கிப் பிடிச்சிருந்துச்சே!”

“மூணு நாளா கொடியில துணி காயல,” என்றாள் லூசியா. “இவ்வளவு காத்து இருந்தா அத ஏன்ட்டி துணிப் பக்கம் திருப்பல?”

“பயிற்சி நேரத்துல சொந்த வேல பாக்க மாட்டேன்.”

நான் நிறுத்தவில்லை. பிறகு ஜப்பானிலிருந்து கேம் தயாரித்தவர்களே எனக்குப் போன் செய்ததைச் சொன்னேன். பெரிய மனுஷர் ஒருவர் பேசினார். குரல் நடுங்கியது. ‘நாங்கள் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து பட்டன்களுக்கு இடம் பார்த்தோம், நீங்கள் ஆறு வாரத்தில் எங்களை அவமானப்படுத்திவிட்டீர்கள்’ என்றார்.

“எந்த பாஷையில பேசினாரு?” என்றான் பேச்சி.

“அழுதாரு. அழுகைக்கு எதுக்குல பாஷை?”

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இதை இவ்வளவு எரிச்சலோடு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் பேச்சியின் முகத்தில் இன்னும் ஒரு சிரிப்புக்கு இடம் இருந்தது.

“இதெல்லாம் விடு. உச்சம் எதுன்னு சொல்லுதேன். போன செவ்வாக்கிழம எனக்கு லேப் இருந்துச்சு. கண்ட்ரோலர இந்தப் பைக்குள்ள போட்டு, ஜிப்ப மூடி, கேம் ரூம்ல வச்சிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா கணிதத் துறைய மூணுக்குச் சுழியம்னு முடிச்சிருந்துச்சு. யாரும் தொடல. அமைப்பு அவ்வளவு கச்சிதமா இருந்தா விரலே தேவையில்ல. பைக்குள்ள இருந்தே ஜெயிச்சிடும்.”

“செவ்வாக்கிழம ஆடினது நானு!” லூசியா எழுந்தே விட்டாள். “மூணு ரவுண்டும் நான் ஜெயிச்சது! கை வலிச்சு மாத்திர போட்டேன்!”

“அப்படி உன்ன நினைக்க வச்சிருக்கு பாரு, அதுதான் அமைப்போட அழகு.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லூசியா உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசையில் வைத்து, நிதானமாகக் கேட்டாள்: “சரிட்டி. விரலே இல்லாம ஜெயிக்கற அமைப்பு, பத்து விரலோட இருந்தும் நேத்து எப்படி பாஸ் போட்டுச்சு?”

“இரக்கம்,” என்றேன். “எதிராளிக்கு நூலளவுதான் உயிர் இருந்துச்சு. வேதியியல்காரன் கண்ணுல தண்ணி. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரட்டும்னு கண்ட்ரோலரே ஆட்டத்த நிறுத்திக் குடுத்துச்சு. என்னைவிட அதுக்கு மனசு இளகினது.”

அப்போதுதான் ஜன்னத் வாயைத் திறந்தாள்.

“அக்கா, பாஸ நீங்க அந்தச் செத்த பட்டன்லதான வச்சிருந்தீங்க?”

தொழில் ரகசியம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஆமாம். செத்த பட்டனைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? எத்தனை தடவை கை பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆறு வாரமாக என் வலது ஆள்காட்டிவிரல் அதன் மேல்தான் கால் நீட்டிப் படுத்திருந்தது.

“நேத்து காலையில அதக் கழட்டித் துடைச்சேன்க்கா,” என்றாள் ஜன்னத். “உள்ள ரோஸ்மில்க் பாகு மாதிரி ஒட்டியிருந்துச்சு. இப்ப நல்லா வேல செய்யுது. நீங்க கஷ்டப்படுதீங்களேன்னுதான். மெசேஜ்கூட போட்டேன், நீங்க பாக்கல.”

“ஆட்டத்துக்கு முன்னாடி பட்டன் பாத்தியா?” என்றான் பேச்சி.

பட்டன் பார்ப்பது என்பது, ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பட்டனையும் ஒரு தடவை அமுக்கி, எது என்ன செய்கிறது என்று சரிபார்ப்பது. பத்து வினாடி வேலை. எங்கள் துறையில் சின்னப் பிள்ளைகூடச் செய்யும். நேற்று அந்தப் பத்து வினாடியும் இடதுபக்க நாற்காலி யாருக்கு என்று நான் வேதியியல் கேப்டனோடு வாதாடிக்கொண்டிருந்தேன். வாதத்தில் ஜெயித்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

“ஆக, குற்றவாளி யாரு?” என்று மேசையைத் தட்டினேன். “செத்தது செத்ததுன்னு நம்பி ஒருத்தி வாழ்க்கைய அமைச்சிருக்கா. அவகிட்ட நேர்ல ஒரு வார்த்த சொல்லாம அதுக்கு உயிர் குடுத்தது யாரு? நான் பாஸ் போடல. என் விரல் படுத்திருந்த கட்டில் எந்திரிச்சு நடந்துட்டு!”

பேச்சி டீ டம்ளரைக் காலி செய்தான். நிதானமாக வைத்தான். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கவில்லை.

“வடிவு, நீ சொன்னது எல்லாம் உண்மைன்னே வச்சுக்கிடுவோம்.”

“உண்மைதான்.”

“உன் அமைப்பு பைக்குள்ள இருந்தே ஜெயிக்கும். விரலே வேண்டாம்.”

“வேண்டாம்.”

“அப்போ பைய மதுரைக்குக் கொண்டு போறோம். பக்கத்துல ஜன்னத் சும்மா உக்காந்திருக்கட்டும். நீ எதுக்கு?”

லூசியா கைதட்டினாள். அண்ணாச்சிகூடக் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பள்ளியிலிருந்து இதுவரை எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். என் வாக்கியத்தை எடுத்தே என் வாயை அடைத்தவன் யாரும் கிடையாது. ஒரு நிமிஷம் காது சூடானது. ஆனால் நான் சண்முகவடிவு. சும்மா விடுவேனா?

“ஏல கேப்டன், நீ பாதிதான் கேட்டிருக்க,” என்றேன். “பைக்குள்ள ஜெயிக்கும்னுதான் சொன்னேன். எல்லாப் பைக்குள்ளயும் ஜெயிக்கும்னு சொன்னேனா? லூசியா பையில போட்டுப் பாத்தேன், மூணு ரவுண்டும் தோத்துட்டு. துணிப்பையில போட்டேன், ஆனே ஆகல. இந்த நீலப் பைக்குள்ள மட்டும்தான் ஜெயிக்கும். இதோட தையல், ஜிப்பு, உள்ள இருக்கிற இருட்டு, எல்லாம் என் அமைப்போட ஒரு அங்கம். இது என் பை. என் பைய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். பை மதுரைக்கு வரணும்னா நானும் வரணும். இப்ப சொல்லு!”

பேச்சி தலையைச் சொறிந்தான். லூசியாவுக்குப் ‘பொய்’ என்ற அந்த ஒரு சொல்கூட வரவில்லை. பக்கத்து மேசையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிச்ச டீயைக் குடித்தேன். ஆறியிருந்தாலும் நன்றாகவே இருந்தது.

“அக்கா,” என்றாள் ஜன்னத்.

“என்ன?”

“அது என் பை. போன மாசம் ஊருக்குப் போகும்போது ரெண்டு நாளைக்குன்னு வாங்கிட்டுப் போனீங்க. உள்பக்கம் என் பேரு எழுதியிருக்கும்.”

பேச்சி என் மடியிலிருந்து பையை எடுத்து ஜிப்பை இழுத்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு ஜிப்பை மூடி, மேசையின் மறுபக்கம் தள்ளினான்.

“சனிக்கிழம காலையில ஆறு மணி பஸ், ஜன்னத். உன் பைய எடுத்துக்கிட்டு வந்துரு.”