தோற்பதற்கு ஒரு படை

ராஜாக்கள் தங்கள் பெருமையைத் தாங்களே சொல்லி, அதைக் கல்லிலும் வெட்டிவைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், மூன்று பெரிய ராஜ்ஜியங்களுக்கு நடுவில் உளிநாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. குறுக்கே பேசாமல் கேளுங்கள், சின்னக் கதைதான்.

உளிநாட்டில் மண் குறைவு, பாறை அதிகம். அதனால் ஆணும் பெண்ணும் கல்தச்சர்கள். சுற்றியிருந்த ராஜாக்கள் எங்கே ஜெயித்தாலும், அந்த வெற்றியைக் கல்லில் வெட்டிக்கொள்ள இவர்களிடம்தான் வரவேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் வெட்டிய எழுத்து பத்து மழைக்கு உதிர்ந்துவிடும். உளிநாட்டு எழுத்து ஆயிரம் வருஷம் நிற்கும். இந்தப் புகழ்ச்சிக் கல்வெட்டுக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். அதில் மெய் எத்தனை பங்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த நாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அங்கே படையே கிடையாது. மாட்டுத் திருடனைத் துரத்த ஊர்க்காவலர்கள் இருந்தார்கள். ஆனால், எப்போதோ வரப்போகும் போருக்காக வருஷம் முழுக்கச் சோறு போட்டு நிறுத்திவைக்கிற சிப்பாய் ஒருவன்கூட இல்லை. யானைப்படை இல்லை, குதிரைப்படை இல்லை, காலாட்படை இல்லை.

முன்பு இருந்தது. ஒரு சமயம் வடக்கு ராஜாவுக்கும் தெற்கு ராஜாவுக்கும் போர் நடந்தது. முடிந்ததும் இருவருமே உளிநாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். ஒரே போரில், ஒரே நாளில், அவன் இவனை ஓட ஓட விரட்டினானாம், இவன் அவனை ஓட ஓட விரட்டினானாம். கல்தச்சர்கள் இரண்டையும் வெட்டி முடித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு கல்லிலும் செத்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கே இரண்டு முடிவு எடுத்தார்கள். இனி நமக்குப் படை வேண்டாம். இனி நடந்ததை மட்டும்தான் வெட்டுவோம். இரண்டு பக்கமும் ஆயுதம் ஏந்தி நின்றால்தான் அதற்குப் போர் என்று பெயர்.

ராஜாக்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்து என்ன செய்ய? ஆயிரம் வருஷம் நிற்கிற எழுத்து வேறு எங்கே கிடைக்கும்?

இப்படி இருக்கையில், கிழக்கு ராஜ்ஜியத்தில் சயதுங்கன் என்று ஒரு ராஜா. அவன் அப்பாவுக்குக் கல் உண்டு, தாத்தாவுக்குக் கல் உண்டு. அவனுக்கு மட்டும் கல் இல்லை, ஏனென்றால் அவன் ஒரு போரிலும் ஜெயித்ததில்லை. வயது அறுபதாகிவிட்டது. யாரைத் தோற்கடிக்கலாம் என்று சுற்றிப் பார்த்தான். வடக்கே பலசாலி. தெற்கே பலசாலி. நடுவில் படையில்லாத உளிநாடு! அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தன் படைத்தலைவன் கடம்பராயனிடம் ஓலை கொடுத்து அனுப்பினான். உளிநாட்டின் தலைவி பெயர் வடிவுடையாள். கிரீடம் கிடையாது, தலை முழுக்கக் கல்தூசி. அவள் கையில் இருந்த உளியைக் கீழே வைக்காமலே ஓலையை வாசிக்கச் சொன்னாள்.

"வருகிற பௌர்ணமிக்குள் போருக்கு வரவும்" என்று வாசித்தான் கடம்பராயன்.

"வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, தம்பி. நாங்கள் வரவில்லை."

"போருக்கு அழைத்தால் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா, தலைவியாரே?"

"இப்போதுதானே சொன்னேன்? காதில் விழவில்லையா?"

கடம்பராயன் திரும்பிப் போனான். சயதுங்கன் யோசித்தான். எதிரே ஆள் நிற்காவிட்டால் போர் இல்லை. போர் இல்லாவிட்டால் கல் இல்லை. ஆகவே இரண்டாவது முறை ஒரு வண்டி நிறைய வாள் அனுப்பினான்.

"மகாராஜாவே வாள் தருகிறார்" என்றான் கடம்பராயன். "இனாம்தான். நூறு பேரை நிறுத்துங்கள், போதும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தோற்றுப் போகலாம்."

"கொஞ்ச நேரத்தில் எத்தனை பேர் சாவார்கள்?"

"இருபது பேருக்கு மேல் போகாது."

"எந்த இருபது பேர்? இதோ எல்லோரும் இங்கேதான் வேலை செய்கிறார்கள். விரலை நீட்டிக் காட்டு, பார்க்கலாம்."

கடம்பராயன் விரலை நீட்டவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

மூன்றாவது முறை அவன் வந்தபோது, முகத்தில் அவனுக்கே வெட்கம். "எங்கள் சிப்பாய்களில் நூறு பேர் உங்கள் ஆட்களாக வேஷம் போட்டுக்கொள்வார்கள். அவர்களே வருவார்கள், அவர்களே தோற்பார்கள். உங்களில் ஒருவருக்கும் கீறல்கூடப் படாது. உளிநாட்டுப் படை தோற்றது என்று கல்லில் வெட்டிக் கொடுத்தால் போதும்."

பக்கத்தில் நின்ற இடங்கன் என்ற கல்தச்சனுக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. "அக்கா, ஒத்துக்கொள்ளுங்கள். கிழவன் ஆசைப்படுகிறான். இதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?"

வடிவுடையாள் அவனைப் பார்த்த பார்வையில் வேறொருவனாக இருந்தால் ஓடியிருப்பான்.

"உனக்கு மூளை இருக்கிறதா, இடங்கா? தோற்றோம் என்று நாமே வெட்டினால் அந்தக் கல் ஆயிரம் வருஷம் பேசும். நாளைக்கு இவன் மகன் அந்தக் கல்லைக் காட்டிக் கப்பம் கேட்பான். இவன் பேரன் அதே கல்லைக் காட்டி, உன் பேரனைச் சிப்பாயாக அனுப்பு என்பான். படை வேண்டாம் என்று நாம் முடிவு எடுத்தது, வேஷத்துக்கும் வேண்டாம் என்றுதான்."

பிறகு கடம்பராயனிடம் திரும்பினாள். "உன் ராஜாவிடம் போய்ச் சொல். ஜெயிப்பதற்கும் நாங்கள் படை வைக்கவில்லை, தோற்பதற்கும் வைக்கமாட்டோம்."

இதைக் கேட்டதும் சயதுங்கனுக்கு ரத்தம் கொதித்தது. ஆயிரம் சிப்பாய்களோடு, யானை மேல் ஏறி, தானே உளிநாட்டு எல்லைக்கு வந்துவிட்டான். எல்லைப் பாறையில் கல்தச்சர்கள் வேலையை நிறுத்தவில்லை. உளிச்சத்தத்தில் முரசுச்சத்தம் கேட்கவேயில்லை.

"வாள் எடுக்கிறாயா, இல்லையா?" என்று யானை மேலிருந்து கத்தினான் சயதுங்கன்.

"எடுக்கமாட்டேன்" என்றாள் வடிவுடையாள்.

"நாட்டுக்குள் நுழைந்துவிடுவேன்!"

"நுழையும். மறிக்க ஆள் இல்லை என்று தெரிந்துதானே வந்தீர்? ஆயிரம் வாளோடு வந்தான், எதிரே ஒரு வாள்கூட இல்லை என்று வெட்டுவோம். வீட்டை எரித்தால் யார் வீடு என்று வெட்டுவோம். ஆளைக் கொன்றால் அந்த ஆளின் பெயரை வெட்டுவோம். ஓர் எழுத்து கூட்டமாட்டோம், ஓர் எழுத்து குறைக்கமாட்டோம்."

"உங்கள் எல்லோர் கையையும் வெட்டிவிட்டால்?"

உளிச்சத்தம் நின்றது. அவனால் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் பேருக்கு அது அரை நாள் வேலை.

வடிவுடையாள் குனிந்து, பாதி வெட்டியிருந்த கல்லின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்தாள். கைகள் நடுங்கின. அதை அவள் மறைக்கவில்லை.

"பயமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் வாள் எடுக்கமாட்டேன். வெட்டும்."

இடங்கன் வந்து அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். அடுத்தவள் வந்தாள், அதற்கடுத்தவன் வந்தான். பாறை நெடுக, தூசி படிந்த கைகள்.

"கடம்பராயா, வெட்டு!"

கடம்பராயன் வாளை உருவினான். அந்தக் கைகளைப் பார்த்தான். மறுபடி உறையில் போட்டுவிட்டான்.

"போர் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிவந்தீர்கள், மகாராஜா. இதற்கு அந்தப் பெயர் இல்லை. இதை நான் செய்யமாட்டேன்."

சயதுங்கன் பின்னால் திரும்பிப் பார்த்தான். ஆயிரம் சிப்பாய்களும் ஆகாயத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஆக, கை வெட்டவேண்டும் என்றால் ராஜாவே யானையிலிருந்து இறங்கி, ஒவ்வொருவராக, தன் கையால் வெட்டவேண்டும். ஊர் பார்க்க, தன் படையே பார்க்க. அவன் இறங்கவில்லை.

குரலைத் தாழ்த்திக் கேட்டான். "நான் இப்படியே திரும்பிப் போனால் என்ன வெட்டுவாய்?"

"வந்தான், போனான்."

"அவ்வளவுதானா? வீரன் என்று ஒரு வார்த்தை?"

"வீரம் ஒன்றும் நடக்கவில்லையே."

"கருணையுள்ளவன் என்றாவது..."

"கையை வெட்டு என்று சொன்னது யார்? அதையும் சேர்த்துவிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று சயதுங்கன் அவசரமாக யானையைத் திருப்பினான். ஆயிரம் பேரும் அவனுக்கு முன்னால் நடந்தார்கள். வீட்டுக்குப் போகிற நடை அது.

மறுநாளே எல்லையில் கல்லை நட்டார்கள். "சயதுங்கன் ஆயிரம் பேரோடு வந்தான். இங்கே ஒருவரும் வாள் எடுக்கவில்லை. அவன் திரும்பிப் போனான்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ராஜாக்கள் அந்த இடத்தில் நின்று வாசித்தார்கள். தங்கள் பெயரையும் அதன் கீழே எழுதிக்கொள்ள ஒருவருக்கும் துணிவு வரவில்லை. உளிநாடு கடைசிவரை படையில்லாத நாடாகவே இருந்தது.

இந்தக் கதையின் நீதி: அடிக்க வருகிறவன் நம் கையில் திணிக்கும் வாளை வாங்கமாட்டேன் என்று நடுங்கிக்கொண்டாவது நிற்பது கோழைத்தனம் அல்ல, அதுதான் வீரம்.